குளத்தூர்ச் சிறுவனுக்குத் திறந்த கதவு



பள்ளி நாள் ஒன்றில், காலை ஏழரை மணிக்குத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். மண்ணச்சநல்லூர்ப் பக்கமிருந்தும், சோமரசம்பேட்டைப் பக்கமிருந்தும், காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம், திருவானைக்கா வழியாகவும் பேருந்துகள் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் சீருடை அணிந்த பிள்ளைகள் இறங்குகிறார்கள். தோளில் கனத்த பை. கையில் தூக்குச் சட்டி. விடிவதற்கு முன்பே எழுந்து, வரப்பில் நடந்து சாலைக்கு வந்து, படிக்கட்டுக் கூட்டத்தில் இடம் பிடித்து வந்தவர்கள் இவர்கள். நாம் இவர்களைப் பார்த்து மகிழ்கிறோம். அந்தப் பேருந்தில் ஏறாமல் ஊரிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் நம் கண்ணில் படுவதில்லை.

கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்போதுமே சற்றுத் தொலைவில்தான் இருந்திருக்கிறது. அந்தத் தொலைவைக் கடந்து வந்த ஒருவரின் வாழ்வை இன்று நாம் நினைத்துப் பார்ப்போம். அவர் நம் திருச்சிக்கு அருகே பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தின் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பாடப்புத்தகங்கள் நமக்கு அறிமுகப்படுத்தியவர். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826 அக்டோபர் 11 அன்று அவர் பிறந்தார். 2026 அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டு. நாவலாசிரியர் என்ற ஒரே வரியில் அவரை முடித்துவிடாமல், ஒரு கிராமத்துச் சிறுவன் எப்படிப் படித்தான், படித்தபின் அந்தப் படிப்பை என்ன செய்தான் என்று பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

ஒரு கணக்கெடுப்பு

வேதநாயகம் பிறந்த அதே 1826-ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் முன்ரோ ஒரு குறிப்பு எழுதினார். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1822-இல், ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன, அவற்றில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி. பதில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள். அவற்றில் 1,88,650 பிள்ளைகள். மாகாணத்தின் மக்கள்தொகையோ ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம். சுமார் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது கணக்கு.

அந்தக் காலத்தை நினைத்தால் இது சிறிய எண் அல்ல. அரசு கட்டிய கட்டிடம் கிடையாது. ஊரில் ஒருவர் வீட்டுத் திண்ணைதான் பள்ளி. உபாத்தியாயருக்கு ஊரார் நெல்லும் காசும் கொடுத்தார்கள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையும் எழுத்தாணியும் பிடித்தார்கள். அரிச்சுவடியும் எண்சுவடியும் மனப்பாடம் ஆயின. ஆங்கிலேயர் வருவதற்கு முன் நம் மக்கள் படிப்பே இல்லாதவர்கள் என்று சொல்வோருக்கு முன்ரோவின் கணக்கு நல்ல பதில்.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த 1,88,650 பேரில் ஆண் பிள்ளைகள் 1,84,110. பெண் பிள்ளைகள் 4,540. நூறு பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவர்களில் பெண் குழந்தைகள் இரண்டு அல்லது மூன்று பேர். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட சேரிப் பிள்ளைகளுக்கோ, ஊர்த் திண்ணையில் உட்காரும் உரிமையே இல்லை. ஊருக்குள் பள்ளி இருப்பது வேறு, அதன் கதவு எல்லாருக்கும் திறந்திருப்பது வேறு.

தாலுகாவுக்கு ஒரு பள்ளியாவது அரசுச் செலவில் நடக்க வேண்டும் என்று முன்ரோ திட்டமிட்டார். மறு ஆண்டே, 1827-இல், காலராவுக்குப் பலியானார். தொடங்கப்பட்ட தாசில்தாரிப் பள்ளிகள் போதிய கவனிப்பின்றித் தேய்ந்து, 1836-இல் கைவிடப்பட்டன. அதற்குள் ஆங்கிலக் கல்விக்கே அரசுப் பணம் என்ற முடிவு 1835-இல் எடுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் உத்தியோகத்துக்கான படிப்பு பெரிய ஊர்களில்தான் கிடைத்தது. குளத்தூரில் வேதநாயகம் படிக்க வேண்டிய வயதில் நாடு இப்படித்தான் இருந்தது.

திருச்சியில் ஒரு வீடு

தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரியம்மாள். குளத்தூரில் ஓரளவு வசதியும் மதிப்பும் உள்ள குடும்பம். தொடக்கப் படிப்பைச் சிறுவன் ஊரிலேயே பெற்றான். அதற்கு மேல்? இன்று நாம் பெருமையோடு சொல்லும் தூய வளனார் கல்லூரி அன்று திருச்சியில் இல்லை. அது 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்டு, 1883-இல்தான் திருச்சிக்கு வந்தது. ஊர்விட்டு ஊர் போய்ப் படிக்கும் பிள்ளைக்கு விடுதியும் இல்லை, பேருந்தும் இல்லை. காவிரியைக் கடக்க ஓடத்தையோ கோடைக்கால மணலையோ நம்பியிருந்த காலம் அது.

குளத்தூர்ச் சிறுவனுக்குக் கிடைத்தது ஒரு மனிதரின் தயவு. திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவர் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்ந்தவர். அவர் சிறுவனுக்கு ஆசிரியரானார். தமிழும் ஆங்கிலமும் அவரிடம்தான் வேதநாயகம் கற்றார். பிற்காலத்தில் தமிழ் உரைநடைக்கே ஒரு புதுப்பாதை போட்ட அறிவு, ஓர் அலுவலர் தம் வேலை நேரம் போக மீதி நேரத்தில் சொல்லிக் கொடுத்த பாடத்தில் முளைத்தது.

இதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தியாகராச பிள்ளை அந்தக் குடும்பத்துக்கு அறிமுகம் இல்லாதவராய் இருந்திருந்தால்? அந்தச் சிறுவன் குளத்தூரிலேயே கணக்கு எழுதிக்கொண்டோ நிலத்தைப் பார்த்துக்கொண்டோ வாழ்ந்து முடிந்திருப்பான். அவன் கூடப் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் அப்படி முடிந்தார்களோ! அவர்களுள் அறிவில் குறைந்தவர் யார், நிறைந்தவர் யார் என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. திருச்சியில் தெரிந்தவர் இருக்கிறாரா இல்லையா என்பதே அளவுகோலாக இருந்தது.

அந்த மனிதரின் பெருந்தன்மையை நாம் போற்றுகிறோம். ஆயினும் ஒரு பிள்ளையின் கல்வி, அப்பாவுக்கு நகரத்தில் நண்பர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து அமைவது நியாயமா? வேதநாயகம் பிள்ளையின் வாழ்வு முழுவதும் இந்தக் கேள்வி நம்மைத் தொடர்கிறது.

மகாவித்துவானின் நட்பு

திருச்சியில் இன்னொரு கிராமத்துப் பிள்ளையும் இருந்தார். வேதநாயகத்தைவிடப் பதினோரு வயது மூத்தவர். 1815-இல் திருச்சிக்கு அருகே எண்ணெயூரில் பிறந்து, அதவத்தூரிலும் சோமரசம்பேட்டையிலும் வளர்ந்தவர். தந்தை சிதம்பரம் பிள்ளை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். மகனோ, மேலும் படிக்கத் திருச்சிக்கு வந்து, யாரிடம் ஒரு நூல் இருக்கிறது, யாருக்கு ஒரு பாடல் தெரியும் என்று தேடித் தேடிக் கற்றார். அவர்தான் பின்னாளில் மகாவித்துவான் என்று போற்றப்பட்ட மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஸ்ரீரங்கம் தீவில் உள்ள திருவானைக்காவின் அம்மன் மீது அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் பாடியவர்.

திருச்சியில் தொடங்கிய இவ்விருவரின் நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. ஒருவர் ஆழ்ந்த சைவர். மற்றவர் கத்தோலிக்கர். மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் நண்பர்மேல் குளத்தூர்க் கோவை என்ற நூலையே பாடினார். ஒரு சிற்றூரின் பெயர் இலக்கியத்தில் ஏறியது.

மகாவித்துவான் கற்றுக் கொடுத்த விதமும் நாம் நினைக்கத்தக்கது. தேடி வந்தவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் பாடம் சொன்னார். கையில் இருந்தபோது சோறும் போட்டார், இல்லாதபோது கடன் வாங்கினார். லால்குடிப் பக்கத்துப் பூவாளூரிலிருந்து வந்த தியாகராச செட்டியார் அவரிடம் கற்றுக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். நாகூரிலிருந்து குலாம் காதிறு நாவலர் வந்தார். புதுச்சேரியிலிருந்து சவராயலு நாயகர் வந்தார். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் 1876-இல் ஆசிரியர் மறைந்த நேரம்வரை உடனிருந்து பணிவிடை செய்தார்.

அதே வரிசையில் வந்தவர்தான் உ.வே. சாமிநாதையர். மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே என்று அவருடைய தந்தை குடும்பத்தோடு அரியலூர், குன்னம் என ஊர் ஊராக இடம் பெயர்ந்தார். படித்த ஆசிரியர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரே குடும்பத்துக்கு ஊர் ஆயிற்று. கடைசியில் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைச் சேர்த்தார். ஏட்டுச் சுவடிகளில் மறைந்து கிடந்த சங்க நூல்களை நமக்கு மீட்டுத் தந்த பேரறிஞரின் கல்வியும், பள்ளியைத் தேடி ஒரு குடும்பம் அலைந்த அலைச்சலில்தான் கிடைத்தது. எல்லாத் தந்தையராலும் இப்படி அலைய முடியுமா? நாளைய கூலியை நம்பி இன்றைய உலையை வைக்கும் வீட்டில் யார் ஊர் மாற முடியும்?

சட்டத்துக்குத் தமிழ்

வேதநாயகம் பிள்ளை 1840-களின் இறுதியில் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். பிறகு தம் ஆசிரியரைப் போலவே மொழிபெயர்ப்பாளர் ஆனார். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் கேட்கும் நீதிபதி. மறுபக்கம் ஆங்கிலம் அறியாத குடியானவர். நடுவில் நின்று இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. தமக்குப் புரியாத மொழியில் தம் நிலத்தின் விதி முடிவாவதைப் பார்த்துக்கொண்டு நின்ற எத்தனையோ பேரை அவர் அங்கே கண்டிருக்க வேண்டும்.

1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் அதே பதவி. மாயூரம் என்றும் மாயவரம் என்றும் அன்று அழைக்கப்பட்ட அந்த ஊர்தான் இன்றைய மயிலாடுதுறை. அங்கே நெடுங்காலம் பணியாற்றியதால் ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நேர்மையான நீதிபதி என்று பெயர் எடுத்தார். 1859-இல் வெளிவந்த அவருடைய நீதி நூலில், கைக்கூலி வாங்குவதைக் கடிந்து ஒரு தனி அதிகாரமே எழுதினார்.

1862-இல் அவர் செய்த பணி பலருக்கும் இன்று தெரியாது. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் மொழிபெயர்த்து, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். அதுவரை ஆங்கிலம் அறிந்தவரின் அலமாரியில் இருந்த சட்டம், தமிழ் படிக்கத் தெரிந்தவர் கைக்கு வந்தது. பின்னாளில் தம் நாவலிலும், தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழர் முன்னிலையில் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கேலி செய்து கண்டித்தார்.

தாம் கற்ற ஆங்கிலத்தை மற்றவர்க்கு எட்டாத உயரத்தில் ஏறி உட்கார அவர் பயன்படுத்தவில்லை. தமக்குத் திறந்த கதவைத் தமக்குப் பின்னால் சாத்திக்கொள்ளவும் இல்லை. படித்துப் பதவிக்கு வந்த எல்லாரும் இப்படி இருப்பதில்லை என்பது நமக்கே தெரியும்.

பாதிப் பேர் வெளியே

முன்ரோவின் கணக்கில் கண்ட அந்த 4,540 என்ற எண்ணை மீண்டும் நினைவுக்குக் கொண்டு வருவோம். திண்ணைக்கு வராத பெண் பிள்ளைகளைப் பற்றி எழுத, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இந்தக் குளத்தூர்க்காரர் முன்வந்தார். 1869-இல் பெண்மதி மாலை என்ற செய்யுள் நூல் வெளிவந்தது. பெண்கல்வி என்ற உரைநடை நூலையும் எழுதினார். படித்த பெண் குடும்பத்துக்கு அடங்கமாட்டாள், கெட்டுப்போவாள், வீட்டு வேலை கெடும் என்று அன்று சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். அறிவில் ஆண் உயர்ந்தவன் என்ற எண்ணத்தையும் அவர் ஏற்கவில்லை.

எழுதியதோடு நிற்கவில்லை. மாயூரத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். ஒரு முன்சீப் இப்படிச் செய்தபோது ஊரில் பேச்சு எழாமலா இருந்திருக்கும்? ஆனாலும் பதவியில் இருந்த ஒருவர் தாமே முன்நின்று தொடங்கியது, தயங்கிய பெற்றோர் பலருக்குத் துணிவு தந்திருக்கும்.

1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும் இதே கவலையைக் காணலாம். அதன் நாயகி ஞானாம்பாள் கற்றவள். ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே அரசாளும் அளவுக்குக் கூர்ந்த அறிவுடையவள். அதே நாவலின் தொடக்கத்தில் நாம் மறக்கக்கூடாத ஒரு காட்சி வருகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை பிரதாபன் பாடத்தில் தவறு செய்கிறான். வீட்டாரின் செல்லத்தால் அவனை அடிக்க முடியாது. ஆகவே உபாத்தியாயரின் மகன் கனகசபை அவனுக்குப் பதிலாக அடி வாங்குகிறான். வாசகர் சிரித்துவிட்டுப் போகும்படி எழுதப்பட்ட பகுதி அது. சிரித்து முடித்தபின் யோசித்தால் மனம் வலிக்கிறது. படிக்க விருப்பமில்லாத பிள்ளைக்கு எல்லா வசதியும் இருக்கிறது. இல்லாதவன் பிள்ளைக்குப் பிரம்படி மட்டும் மிச்சம்.

1887-இல் எழுதிய சுகுணசுந்தரி என்ற நாவலில் இளவயதுத் திருமணத்தைக் கண்டித்தார். பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தும் காரணங்களில் அது எவ்வளவு பெரியது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கஞ்சித் தொட்டி

1872-இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மாயூரம் நகராட்சித் தலைவராகவும் பொதுப்பணி செய்தார். 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சம் அது. லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள் வழியிலேயே விழுந்தார்கள். வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் வைத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வூரில் வாழ்ந்தவர். அவர் இந்தக் கொடையைக் கண்டு உருகி, வேதநாயகம் பிள்ளையைப் புகழ்ந்து பாடினார்.

பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு, பிறகுதான் பாடம் என்பதை இந்நாடு மெல்லத்தான் கற்றது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தம் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம், நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சி. 2022-இல் காலை உணவுத் திட்டமும் வந்தது. தனி மனிதர் ஒருவரின் இரக்கத்தில் கொதித்த கஞ்சி, அரசின் கடமையாக மாற நெடுங்காலம் ஆயிற்று.

பஞ்சத்துக்கு நடுவே, 1878-இல், அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளிவந்தது. எந்தச் சமயத்தவரும் பாடத்தக்க இறைப் பாடல்கள் அவை. தேவமாதா அந்தாதியும் திருவருள் மாலையும் பாடிய அதே நாவு, தன் அயலாரோடு சேர்ந்து பாடவும் அறிந்திருந்தது. 1889 ஜூலை 21 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார்.

எட்டாமல் போனவை

பெரியோரின் வாழ்வைச் சொல்லும்போது குறைகளை மறைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அதனால் பெரியோருக்குப் பெருமை கூடுவதில்லை. வேதநாயகம் பிள்ளை தொடங்கிய பெண்கள் பள்ளி மாயூரம் என்ற நகரத்தில் இருந்தது. சுற்றியிருந்த சிற்றூர்களின் பெண் பிள்ளைகள் வண்டி கட்டியா அங்கே வந்திருப்பார்கள்? அவர் நூல்களை வாங்கிப் படித்தவர்கள் ஏற்கெனவே படித்த குடும்பத்து ஆண்கள். அந்த ஆண்கள் மனம் மாறினால்தான் வீட்டுப் பெண்ணுக்குப் புத்தகம் கிடைக்கும் என்ற நிலை. நல்ல மனைவியாக, நல்ல தாயாக விளங்கவே பெண்ணுக்குக் கல்வி என்ற வாதமும் அவர் எழுத்தில் நிறைய உண்டு. அவள் தனக்காகப் படிக்கலாம், தன் காலில் நிற்கலாம் என்று சொல்லக் காலம் இன்னும் கனியவில்லை. சேரியில் இருந்த பிள்ளைக்கோ அந்த நகரத்துப் பள்ளியும் வெகு தொலைவு.

இவற்றைச் சொல்வது அவரைக் குறைப்பதற்காக அல்ல. தனி ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் கை எட்டும் தூரம் இவ்வளவுதான் என்பதை நாம் உணர்வதற்காக. தியாகராச பிள்ளையின் கை ஒரு சிறுவனை எட்டியது. மகாவித்துவானின் கை ஒரு திண்ணை நிறைந்த மாணவரை எட்டியது. வேதநாயகம் பிள்ளையின் கை ஒரு நகரத்தையும், அவர் நூல்களைப் படித்த வீடுகளையும் எட்டியது. அதற்கு அப்பால் இருந்தவர்களை எட்ட, ஊரெல்லாம் சேர்ந்த கை வேண்டியிருந்தது. சட்டம் வேண்டியிருந்தது.

அது மிக மெதுவாக வந்தது. திருச்சியில் பெண்களுக்கென்று சிலுவைக் கல்லூரி 1923-இல் உருவானபோது, பெண்மதி மாலை வெளிவந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்வி குழந்தையின் அடிப்படை உரிமை என்று 2002-இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கான சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைக்கு மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று தமிழக விதிகள் சொல்கின்றன. இலவசப் பேருந்துப் பயணமும் மிதிவண்டியும் வந்துள்ளன. முன்ரோவின் கணக்கில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேராக இருந்த பெண் பிள்ளைகள் இன்று வகுப்பறைகளில் சரிபாதி. இதற்காக நாம் நன்றி சொல்வோம்.

ஆயினும் அந்தச் சட்டம் பதினான்கு வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளை எங்கே போவது? அங்கேதான் மீண்டும் பழைய தொலைவு தொடங்குகிறது. மாலைப் பேருந்து ஒரு நாள் வராவிட்டால், இருட்டில் மகள் எப்படி வருவாள் என்று தாய் கலங்குகிறாள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், படித்தது போதும் என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அறுவடை நாளிலும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகும் மாதங்களிலும் பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு, எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. நகரத்தில் தெரிந்தவர் இருக்கும் பிள்ளை முந்திக்கொள்கிறது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே அளவுகோல்!

சிந்திப்போம்

நம்மில் பெரும்பாலோர் இரண்டு தலைமுறைக்கு முன் கிராமத்திலிருந்து வந்தவர்களே. நம் குடும்பக் கதையைத் தோண்டிப் பார்த்தால் எங்கோ ஒரு தியாகராச பிள்ளை இருப்பார். விடுதியில் இடம் வாங்கித் தந்த ஒரு பங்குத்தந்தை, தம் வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்ட ஓர் அத்தை, தேர்வுக் கட்டணத்தைச் சத்தமில்லாமல் கட்டிய ஓர் ஆசிரியை என யாராவது ஒருவர் இருப்பார். அவர் பெயரை இன்று ஒருமுறை நினைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரைச் சொல்வோம்.

அடுத்து, நாம் யாருக்குத் தியாகராச பிள்ளையாக இருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகள் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்பது நமக்குத் தெரியுமா? ஊரிலிருந்து வரும் உறவுக்காரப் பையனுக்கு விண்ணப்பம் நிரப்பித் தர நமக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதா? நம் பங்கில், நம் தெருவில், ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளை யார்?

அதற்கும் மேலே ஒரு கடமை உண்டு. வேதநாயகம் பிள்ளை தமக்குக் கிடைத்த தயவைத் திருப்பிச் செய்ததோடு நில்லாமல், தயவு தேவைப்படாத ஏற்பாடு வேண்டும் என்று எழுதினார், பள்ளி திறந்தார், சட்டத்தைத் தமிழில் தந்தார். நாமும் ஒரு பிள்ளைக்கு உதவியதோடு மனம் நிறைந்துவிடக் கூடாது. மாலைப் பேருந்து ஒழுங்காக வர மனுக் கொடுப்பதும், ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாய்க் கிடந்தால் கிராம சபையில் எழுந்து கேட்பதும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போவதும் அறப்பணியே. நாம் உதவும் பிள்ளை நமக்குத் தெரிந்த பிள்ளை. நமக்குத் தெரியாத பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

நாளைக் காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் மறுபடியும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். அவர்களுள் ஒருத்தி அல்லது ஒருவன் குளத்தூர்ச் சிறுவனைப் போல் வளரக்கூடும். அது யார் என்று நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் எல்லாரும் வந்து சேர வேண்டும். பேருந்தில் ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளை எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடிப் போவோம்.